தராசில் ஏறிய தவளை

காரிமங்கலத்தில் நான் கோழி வாங்கும் கடைக்காரரின் கைகளில் எப்போதும் சிறகு ஒட்டியிருக்கும். பேசிக்கொண்டே கழுத்தை அறுத்து டிரம்முக்குள் எறிவார். அது துடித்து அடங்குவதற்குள் அடுத்ததைப் பிடித்துவிடுவார்.

அவர் பெங்களூரிலிருந்து ஒரு கொம்புத் தவளை வாங்கிவந்திருந்தார்; கண்ணுக்கு மேல் கொம்புபோல் புடைத்த, ஆசைக்கு வளர்க்கும் வெளிநாட்டுத் தவளை. வந்தபோதே அதன் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இரையைக் காட்டினால் வாயே திறக்காது. தினமும் கடை திறந்ததும் எடை கூடியிருக்கிறதா என்று பார்க்க, கோழிக்கு முன்னால் அதைத்தான் தராசில் வைப்பார். பிறகு உயிருள்ள வெட்டுக்கிளியின் பின்னங்கால்களைப் பிய்த்துவிட்டு, இடுக்கியால் தவளையின் வாயருகே ஆட்டுவார்.

"காலை ஏங்க பிய்க்கிறீங்க?" என்றேன்.

"உள்ள போயி ஒதைக்கும்ங்க. இது ஒடம்பு தாங்காது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கோழியை ஒரு கையில் தொங்கவிட்டபடி மறுகையால் தவளைப் பெட்டியைத் திறந்தார். தவளை பாய்ந்து அவர் விரலைக் கவ்வியது. ரத்தம் வழிந்தது. உதறிவிடுவார் என்று நினைத்தேன். அவர் அசையவில்லை.

"இழுத்தா அதுக்குத் தாடை பேந்துரும்ங்க," என்றார் மெதுவாக. "பாருங்க, பசி வந்திருச்சு."

தவளை விடும்வரை என் கோழியும் உயிரோடிருந்தது. பிறகு கடிபட்ட அதே கையால் கோழியை அறுத்தார். வீட்டில் கறியை அலசியபோது, தண்ணீரில் கலந்த சிவப்பில் எது கோழியுடையது, எது அவருடையது என்று தெரியவில்லை. ஏனோ இன்னொரு முறை கழுவ எனக்குத் தோன்றவில்லை.