கடல் மேல் போட்ட பழி

"இன்னொரு தபா படி" என்றார் நைனா. அவருடைய மேல்முறையீட்டை நிராகரித்து வந்திருந்த கடிதம் என் கையில் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மனுதாரர் கடலோர மீனவக் குடியிருப்பில் பிறந்தவர், சிறு வயதிலிருந்தே நீரில் மூழ்கிப் பழகியவர், அவருடைய செவித்திறன் குறைந்ததற்கு அது காரணமாக இருக்கலாம், ராணுவப் பணியால் வந்தது என்று கொள்வதற்கில்லை. இவ்வளவுதான் விஷயம். நைனா எழுந்து வாசலில் போய் நின்றார். முகத்துவாரக்குப்பத்தில் எங்கள் வாசலில் நின்றால் ஆறும் கடலும் சேரும் இடம் தெரியும். வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "நம்ம கடலு மேலயா பழி போடறானுங்க?" என்றார். அவ்வளவு கோபமாக அவரை நான் பார்த்ததில்லை.

அதுவரை அந்த மனுவில் அவருக்குப் பெரிய அக்கறை இருந்ததில்லை. பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியே வரும்போது பட்டாளத்து மருத்துவர்களே அவர் காதைச் சோதித்து, கேட்கும் திறன் பெரிதும் போய்விட்டது என்று எழுதியிருந்தார்கள். ஆனால் அது பணியால் வந்ததல்ல என்றும் சேர்த்து எழுதிவிட்டதால், ஊனத்துக்கான பென்ஷன் கிடையாது என்றாகிவிட்டது. அம்மாதான் விடாமல் மனுப் போடச் சொன்னாள். "காசுக்கோசரம் நான் செவுடன்னு ஊரு முழுக்க தமுக்கடிக்கணுமா?" என்று சொல்லிக்கொண்டேதான் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

செவிடு என்ற சொல் அவரிடம் அண்டக்கூடாது. எங்கே போனாலும் சுவரில் முதுகு படும்படி உட்காருவார், எல்லாருடைய முகமும் தெரிய வேண்டும் என்று. கூட்டத்தில் யாராவது சிரித்தால் ஒரு கணம் தாமதித்துத் தானும் சிரிப்பார். எது கேட்டாலும் முதலில் "ஆமா, ஆமா" என்பார். நான் வாங்கிக் கொடுத்த காது மிஷின் பீரோவில் அவருடைய மெடல்களுக்குப் பக்கத்தில் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. எர்ணாவூரில் ஒரு தொழிற்சாலையின் வாசலில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்தார். அங்கேயும் யாருக்கும் தெரியாது. கஞ்சி போட்ட சட்டையும் நிமிர்ந்த முதுகுமாக அவர் லாரிகளை நிறுத்தி அனுப்பும் அழகைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

அந்தக் கடிதம் வந்த பிறகு அவரே வக்கீலைப் பார்க்கலாம் என்றார். நான் அப்போது ராயபுரத்தில், துறைமுகச் சரக்குகளுக்குக் கிளியரன்ஸ் வாங்கித் தரும் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அரை நாள் லீவு போட்டுவிட்டு அவரைத் தம்புச் செட்டித் தெருவுக்குக் கூட்டிப்போனேன். ராணுவத் தீர்ப்பாய வழக்குகளை நடத்தும் ஒரு பெண் வக்கீல். பொறுமையாகப் படித்துவிட்டு, "சார், பட்டாளத்துல சேரும்போது உங்க ரெண்டு காதும் நல்லா இருந்ததுன்னு அவங்களே எழுதியிருக்காங்க. அதை வச்சு நான் வாதாடறேன். நீங்க பேச வேண்டியது அனேகமா இருக்காது. ஆனா உங்களைப் பார்த்து ஏதாவது கேட்டாலும் கேட்கலாம். கேட்கலைன்னா கேட்கலைன்னு சொல்லணும். தெரிஞ்ச மாதிரி தலையாட்டிடாதீங்க, அது நமக்கே ஆபத்து" என்றார். நைனா உடனே, "ஆமா, மேடம்" என்றார். வக்கீல் என்னைப் பார்த்தார். வீட்டில் பழக்கிக் கூட்டிவரச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் அம்மா நீதிபதியானாள். பிளாஸ்டிக் நாற்காலியை நடுக்கூடத்தில் போட்டு உட்கார்ந்து, நைனாவின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். நைனா எதிரே விறைப்பாக நின்றார். நீதிபதி குனிந்துகொண்டு பேசினால் வாய் தெரியாது என்று வக்கீல் சொல்லியிருந்ததால், அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "உன் பொண்டாட்டி பேரு இன்னா?" என்று கேட்டாள். "பீரங்கிப் படைங்க, ஐயா" என்றார் நைனா. நான் சிரித்துவிட்டேன். அம்மாவும் சிரித்தாள். பிறகு கொஞ்சம் சத்தமாகவே, "நான் பேசறது உன் காதுல வுயுதா?" என்று கேட்டாள். நைனா தயங்கவில்லை. "ஆமாங்க, ஐயா!"

முதல் கேள்வியைப் போலவே இதுவும் காதில் விழாமலே சொன்ன பதில். அம்மா முந்தானையை மெல்ல இறக்கினாள். கண் கலங்கியிருந்தது. அவருக்குக் காது மந்தம் என்று எங்களுக்குத் தெரியும், ஆனால் இவ்வளவு என்று தெரியாது. "யோவ், அப்போ இத்தினி வருசமா நான் பேசினதை நீ கேக்கவே இல்லியா? மூஞ்சியைப் பாத்துகினேதான் இருந்தியா?" என்றாள். நைனா அதை அவள் உதட்டிலிருந்து படித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "உன் மூஞ்சியைப் பாக்கறதுல எனக்கு இன்னா கஷ்டம்மே?" என்றார். அம்மா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திரும்பவும் வாயை மூடிக்கொண்டு, "எந்திரி, மறுபடியும் நில்லு" என்று கையைக் காட்டினாள். கேட்கவில்லை என்று அவர் வாயிலிருந்து வரும்வரை அன்றைக்கு அவள் விடவில்லை. வந்தபோது, ஏதோ திருடியதை ஒப்புக்கொள்கிறவர் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நிமிந்து சொல்லு" என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் பீரோவைத் திறந்து காது மிஷினை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். நேராக மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். "இவ்ளோ நாளா பிரச்சனை இல்லையே, அப்படியே இருங்க" என்று மேனேஜர் சொல்லியும் கேட்கவில்லை. "கோர்ட்டுல செவுடன், கேட்டுல செவுடன் இல்லன்னு ரெண்டு பேரா நிக்க முடியாது. பின்னால லாரி ரிவர்ஸ் எடுத்தா எனக்குத் தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு விசிலைக் கழற்றிக் கொடுத்து வேலையை விட்டுவிட்டார். வழக்கு ஜெயிக்குமா என்பது யாருக்கும் தெரியாத நேரம் அது. என் சம்பளத்தை மட்டும் வைத்து நான் மாதச் செலவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா மட்டும், "சரியாத்தான் செஞ்சிக்கீறே" என்று சொல்லி அவருக்குச் சோறு போட்டாள்.

விசாரணை நாளில் காது மிஷினோடுதான் வந்தார். ஆனால் மின்விசிறி இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கிறது என்று முகம் சுளித்தார். மேடையில் ஒரு நீதிபதியும், அவர் பக்கத்தில் பழைய ராணுவ அதிகாரி ஒருவரும் இருந்தார்கள். எங்கள் வக்கீல் பேசினார், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த மூழ்கிப் பழகிய கதையைத் திரும்பப் படித்தார். நீதிபதி கோப்பில் குனிந்தபடியே, தமிழில், "சின்ன வயசுல தண்ணியில மூழ்கி மூழ்கி உங்களுக்குக் காதுல தொந்தரவு இருந்ததா?" என்று கேட்டார். நைனாவின் உதடு 'ஆ' என்று பிரிவதைப் பார்த்தேன். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அந்த ஒரு 'ஆமா'வில் எல்லாம் போயிருக்கும்.

வாய் மூடிக்கொண்டது. நைனா குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்தார். "ஐயா, நீங்க கேட்டது எனக்குக் கேக்கல. நிமிந்து சொன்னீங்கன்னா உதட்டைப் பாத்துப் புரிஞ்சிக்குவேன்." தன் குரலின் அளவு தெரியாதவர், அதனால் அந்த அறை முழுக்க அது எதிரொலித்தது. பின்வரிசையில் காத்திருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"மூழ்குவேன் ஐயா. எங்க குப்பத்துல எல்லாரும் மூழ்குவாங்க. எங்க அண்ணன் இன்னிக்கும் மூழ்கறாரு, அவருக்கு எறா துள்ற சத்தம்கூட கேக்கும். என்னைப் பட்டாளத்துல சேக்கறப்போ ரெண்டு காதையும் பாத்து, நல்லா கீதுன்னுதான் எடுத்தாங்க. நான் நல்ல காதைத்தான் குட்த்தேன், ஐயா."

பழைய அதிகாரி அவர் முகத்தைப் பார்த்து இந்தியில் ஏதோ கேட்டார். நைனாவும் இந்தியிலேயே பதில் சொன்னார். எங்களுக்குப் புரியவில்லை. வெளியே வந்து கேட்டபோது, "எந்தப் பீரங்கின்னு கேட்டாரு, சொன்னேன்" என்றார். வக்கீல், "சார், நான் வாதாட வேண்டியதுல பாதியை நீங்களே பேசிட்டீங்க" என்று கை கொடுத்தார். திருவொற்றியூர் வரை பஸ்ஸில் அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். பொது இடத்தில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

தீர்ப்பு வரச் சில மாதங்கள் ஆயின. அதுவரை வீட்டுச் செலவை இழுத்துப் பிடித்தோம். பணியால் வந்த ஊனம்தான், பென்ஷன் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. அதை அவர் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து வரி வரியாகச் சொன்னேன். முடித்ததும், "கடலைப் பத்தி எதுனா எழுதிக்கீதா?" என்றார். "அது காரணம் இல்லைன்னு எழுதியிருக்காங்க, நைனா." எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, பெரியப்பாவிடம் சொல்ல மணலில் இறங்கி நடந்தார்.

இப்போதெல்லாம் அவர் சுவரைத் தேடி உட்காருவதில்லை. யாராவது வாயை மென்று பேசினால், "எனக்குக் காது கேக்காது, மூஞ்சியக் காட்டிப் பேசு" என்று சொல்லிவிடுகிறார். மணலி புதுநகரிலிருந்து ஒரு பழைய சிப்பாய், தானும் காது போனவர், மனைவியோடு வந்து அவரிடம் யோசனை கேட்டுவிட்டுப் போனார். போன மாதம் பெரியப்பாவின் பேத்திக்குக் கல்யாணம். பந்தலில் பேண்டு வாசிக்கிற இடத்தில் பெரிய ஸ்பீக்கரை வைத்திருந்தார்கள். அதை ஒட்டிய நாற்காலிகளில் குட்டிப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நைனா போய் ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கினார். "தள்ளிப் போய் ஒக்காருங்கடா, இந்தக் காதெல்லாம் ரொம்ப வருசத்துக்கு வேணும்" என்றார். காலியான நாற்காலியில் தான் உட்கார்ந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டு, பேண்டுக்காரர்களைப் பார்த்து, அடியுங்கள் என்று தலையசைத்தார்.