திருப்பினால் மாறணும்

தேநீர்க் குவளையின் பிடியை வலப்பக்கம் வைத்து ஒரு வாய்; இடப்பக்கம் திருப்பி இன்னொரு வாய். சுவை மாறவில்லை என்று உறுதியான பிறகே மிச்சத்தைக் குடிப்பார். ஆய்வுக்கூடத்தில் அவருக்குத் ‘திருப்பி அக்கா’ என்று பெயர்.

இரண்டு படிகங்கள் ஒட்டும் இடத்தில், தாளைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய தளத்தில் ஓடும் எலெக்ட்ரான்களை வேவு பார்ப்பது அவர் தொழில். ஒவ்வொன்றையும் ஒரு பம்பரம் என்று வைத்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார். அவற்றின் ஓட்டமும் சுழற்சியும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்வதால், ஒரு பக்கம் சுழல்பவை இந்த ஓரமும் மறுபக்கம் சுழல்பவை அந்த ஓரமுமாக, மனஸ்தாபப்பட்ட சம்பந்திகள் மாதிரி ஒதுங்குமாம். அதற்குச் சாட்சி, ஓரத்தில் எழும் துளி மின்னழுத்தம். காந்தத்தைத் திருப்பினால் அதன் குறியும் கூட்டலிலிருந்து கழித்தலுக்கு மாறவேண்டும்.

“திருப்பினா மாறணும். மாறலைன்னா அது வெறும் புரளி.”

வீட்டிலும் இதே சட்டம்தான். “என்னைப் பிடிச்சிருக்கான்னு கேட்டா. ஆமான்னேன்,” என்றார் கணவர். “மறுநாள் வந்து, பிடிக்கலையான்னு கேட்டா. இல்லையே, பிடிச்சிருக்கேன்னேன். பதில் சரியா மாறுதாம். அப்புறம்தான் கல்யாணம்.”

அவர் ஆய்வைப் பார்க்க நான் போயிருந்த அன்று நிலைமை கழுத்துவரை வந்திருந்தது. மாலைக்குள் குறி மாறாவிட்டால், படிகச் சில்லை உறைகுளிரில் வைத்திருக்கும் குளிர்கருவி வேறு குழுவுக்குப் போய்விடும். வெளியே எடுத்தால் அந்தச் சில்லு பிழைக்காது. பல வருட உழைப்பும் அதோடு சரி.

அக்கா காந்தத்தைத் திருப்பினார். திரையில் மின்னழுத்தக் கோடு, அடித்து வைத்த ஆணிபோல நின்ற இடத்திலேயே நின்றது. அவர் முகம் செத்துவிட்டது.

கருவி அடுக்கின் பின்னாலிருந்து பொறியாளர் எட்டிப் பார்த்தார். புதிதாகத் திருமணமானவர் என்பதால் அங்கே எல்லோருக்கும் அவர் ‘மாப்பிள்ளை’.

“அக்கா, எப்படியும் திருப்பச் சொல்லுவீங்கன்னு மின்னழுத்தம் அளக்கிற வயரை நானே முனை மாத்திக் குடுத்துட்டேன்.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். “நான் காந்தத்தைத் திருப்பினேன். நீ வயரைத் திருப்பின. ரெண்டு பேருமா சேர்ந்து அதைப் பழையபடி நேராக்கிட்டோம், மாப்ள.”

வயர் பழைய இடத்துக்குப் போனது. கோடு பூச்சியத்தைத் தாண்டிக் கீழே குதித்தது. எல்லோரும் கைதட்டினோம். அக்கா கையமர்த்திவிட்டு, காந்தத்தை மறுபடி திருப்பினார். கோடு மேலே ஏறியது.

ஆறிப்போன தேநீரை எடுத்தார். பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், ஒரே மடக்கில் குடித்து முடித்தார்.