பென்சில் டிக் விழாத மூன்று மாதங்கள்

என் தங்கை வள்ளிக்கண்ணுவுக்கு முப்பத்து நான்கு வயது. மன்னார்புரத்தில் ஒரு மாடி அலுவலகத்தில் வேலை. கடைகளுக்கும் ஆலைகளுக்கும் கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுத்து, முதலாளிகள் மாதா மாதம் பார்க்கும் லாப நட்ட அறிக்கை ஒரே பட்டனில் வரும்படி அமைத்துத் தருவாள். எங்கள் குடும்பத்தில் பி.காம். முடித்தவள் அவள் ஒருத்திதான். நான் ஒன்பதாவதோடு வயரிங் வேலைக்குப் போனவன். உறையூரில் யாராவது தங்கை என்ன செய்கிறாள் என்று கேட்டால், கேட்டதற்கு மேலேயே சொல்லிவிடுவேன்.

மென்பொருள் தரும் தாளை அவள் அப்படியே அனுப்ப மாட்டாள். எல்லாக் கணக்குகளும் அடங்கிய முழுப் பட்டியலை ஒரு பக்கம் வைப்பாள், அறிக்கையை மறுபக்கம் வைப்பாள். இரண்டிலும் வரி வரியாகப் பென்சிலால் டிக் போடுவாள். டிக் விழாத வரி ஒன்று இருந்தாலும் தாள் வெளியே போகாது. அவளுடைய முதலாளி பீமராவ், "கம்ப்யூட்டருக்கே பேப்பர் திருத்துற டீச்சரம்மா" என்று கேலி செய்வார். அவள் சிரித்துக்கொண்டே திருத்துவாள்.

சென்ற பங்குனிக் கடைசியில் எங்கள் அம்மா இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வள்ளி வேலைக்குப் போனாள். அழவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். மூன்று மாதம் அப்படியே போயிற்று.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் அலுவலகத்தில் ஃபேன் ரெகுலேட்டர் மாற்றப் போயிருந்தேன். லால்குடி அரிசி ஆலையின் அறிக்கையை அப்போதுதான் மெயிலில் அனுப்பியிருந்தாள்.

"பென்சில் எங்க வள்ளி?" என்றேன்.

மேஜை டிராயரைத் திறந்து பார்த்தாள். பென்சில் இருந்தது. அதை எடுத்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை. உட்கார்ந்து டிக் போட ஆரம்பித்தாள். முழுப் பட்டியலில் மூன்று வரிகளுக்கு டிக் விழவில்லை. ஏற்றுக்கூலி, சாக்கு, லாரி வாடகை. மூன்றும் அறிக்கையிலேயே இல்லை.

ஆலைக் கணக்கர் காத்தமுத்துவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது.

"சித்திரை ஒண்ணாந்தேதி புதுக்கணக்கு போடுறது நம்ம வழக்கந்தானேம்மா. பழைய பேர்லயே எழுதிக்கிட்டுப் போனா விளங்குமா? அதான் அந்த மூணுக்கும் புதுசா கணக்குப் பேர் தொறந்தேன்."

"கம்ப்யூட்டர்லயுமாண்ணே?"

"அதுக்கும் ஓரத்துல மஞ்ச வச்சிருக்கேன், வந்து பாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. கார்த்திகையில் அந்த அறிக்கையை அமைத்தபோது, செலவுகளை ஒவ்வொரு பெயராகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தவள் அவள்தான். பிறகு திறந்த பெயர்கள் அதற்குள் வர வழியில்லை. செலவுகள் என்ற தொகுதியை மொத்தமாகச் சேர்த்திருந்தால் தானாக வந்திருக்கும். தாள் சுத்தமாக இருக்கட்டும் என்று பூஜ்ஜிய வரிகளை மறைத்து வைத்தவளும் அவள்தான். அதனால் பழைய பெயர்கள் காலியாகக் கிடந்தது யார் கண்ணிலும் படவில்லை. மூன்று மாத லாபம் நாலு லட்சத்து எண்பத்தாறாயிரம் என்று தாள் சொன்னது. உண்மையில் இரண்டு லட்சத்து எழுபத்தோராயிரம்தான்.

எல்லாவற்றையும் கேட்ட பீமராவ் எழுந்து கதவைச் சாத்தினார்.

"சரி பண்ணிட்டு அடுத்த மாசத்துலேர்ந்து ஒழுங்கா அனுப்புங்க. பழசை யாரு எடுத்துப் பாக்கப் போறா?"

"இந்தத் தாளைப் பாத்துட்டுத்தான் சார் அவரு நெல்லு காயவைக்கிற மெஷின் வாங்கப் போறாரு."

"ஆலைதான் நமக்குப் பெரிய வரும்படி. அது போச்சுன்னா உங்களை வச்சுக்க முடியாது வள்ளி. இப்பவே சொல்லிட்டேன்."

"சரி சார்."

அவள் குரலில் பயமும் இல்லை, துணிச்சலும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோல இருந்தது.

அன்று பிற்பகலே என் வண்டியில் லால்குடி போனோம். ஆலை முதலாளி முருகானந்தம் மரியாதையாக, "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். அவள் உட்காரவில்லை. இரண்டு தாள்களையும் அவர் முன்னால் வைத்தாள்.

"மூணு மாசமா நான் அனுப்பினது தப்புங்க. இதுதான் சரியான தாள்."

அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"முந்தாநேத்துதான் மெஷினுக்கு அம்பதாயிரம் அட்வான்ஸ் குடுத்தேன். ஏம்மா, சம்பளம் வாங்கிக்கிட்டுத்தானே வேலை பாக்குறீங்க?"

"ஆமாங்க."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுங்க."

"அப்புறம் எதுக்குச் சொன்னீங்க?"

"தப்பா இருந்துச்சு."

நான் அம்மா இறந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். வள்ளி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். நான் நிறுத்திக்கொண்டேன்.

அவர் சரியான தாளைக் கையில் எடுத்தார். "இது என்ன, பென்சில் கிறுக்கல்?"

அவள் விளக்கினாள். அந்த மூன்று மாதமும் இதைச் செய்யவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

அவர் காத்தமுத்துவைக் கூப்பிட்டார். "மெஷின்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிடு. அட்வான்ஸ் திரும்ப வராது. போகட்டும்." பிறகு வள்ளியிடம் திரும்பினார். "இனிமே மெயில்ல அனுப்புற தாள் எனக்கு வேணாம். டிக் போட்ட தாளையே மாசாமாசம் கொண்டாந்து குடுங்க. பீமராவ்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"சரிங்க" என்றாள்.

திரும்பும்போது கொள்ளிடம் பாலத்தில், "வேலை தப்பிச்சுது வள்ளி, போகல" என்றேன். "ம்" என்றாள். ஸ்ரீரங்கம் வந்ததும், அம்மாவின் அஸ்தியைக் கரைத்த அம்மா மண்டபம் பக்கம் போகலாமா என்று கேட்டேன்.

"வேணாம்ண்ணே. ஆபீஸ்ல விடு. அறிக்கையை மாத்தணும்."

அன்றே மாற்றிவிட்டாள். பெயர் பெயராக இருந்ததை எடுத்துவிட்டு, தொகுதியாகச் சேர்த்தாள். பூஜ்ஜிய வரிகளை மறைக்காமல் விட்டாள். தாளின் அடியில் புதிதாக ஒரு வரி வைத்தாள்: அறிக்கையின் லாபத்துக்கும் முழுப் பட்டியலில் வரும் லாபத்துக்கும் உள்ள வித்தியாசம். அது எப்போதும் பூஜ்ஜியமாக வர வேண்டும்.

இப்போது மாதா மாதம் லால்குடிக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். போகிற வழியில் அவள் பேசுவதில்லை. ஆலை வாசலில் தாளை ஒருமுறை வாங்கிப் பார்ப்பேன். எனக்கு அதில் பாதி புரியாது. கடைசி வரி மட்டும் தெரியும். அங்கே பூஜ்ஜியம் இருக்கும். அந்தப் பூஜ்ஜியத்துக்கும் பென்சிலால் ஒரு டிக் போட்டிருப்பாள்.