உடம்பு கலர்

பழுத்த வாழைப்பழத்தின் மேல் ஸ்பிரிட்டைக் கொட்டியது போன்ற ஒரு வாசனை. முகர்ந்தால் மூக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் தலை சுற்றும். நகப் பாலிஷ் என்றாலே எனக்கு இன்றைக்கும் அந்த வாசனையும், அதன் பின்னாலேயே ஒரு பழைய எரிச்சலும் வந்துவிடுகின்றன.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் நைனா பட்டுக்குச் சாயம் போடுகிறவர். சாயத்திலிருந்து எடுத்த நூல் கட்டுகளை, எங்கள் பேச்சில் ‘சிட்டங்களை’, அலசிப் பிழிவது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் வேலை. அதனால் என் நகங்கள் நகத்தின் நிறத்தில் இருந்ததே இல்லை. அரக்கு போனால் மயில்கழுத்து, அது வெளுப்பதற்குள் கத்தரிப்பூ. புளி, எலுமிச்சம்பழம், செங்கல்தூள் எல்லாம் தேய்த்துப் பார்த்தாயிற்று; தோல் எரிந்ததே தவிரக் கறை போகவில்லை. வகுப்பில் எனக்குச் ‘சாயக்கை’ என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பேன், வேறென்ன செய்வது?

எட்டாவது படிக்கும்போது, ஆண்டுவிழாவில் சிறப்பு விருந்தினருக்கு மாலைத் தட்டு ஏந்தி நிற்க டீச்சர் என்னைத் தேர்ந்தெடுத்தார். உயரமாக இருந்தேன், அவ்வளவுதான் தகுதி. அப்புறம்தான் என் கையைப் பார்த்தார். “திங்கக்கெழம கைய சுத்தமா வெச்சிக்கினு வாம்மா. இல்லேன்னா வேற பொண்ண நிக்க வெச்சிடுவேன்” என்றார். ஊரே என் கையைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு ஒருத்தரும் ஒன்றும் சொல்லாமல் இருக்க வேண்டும். அந்தத் தட்டின் மேல் எனக்கு இருந்த ஆசையெல்லாம் அதுதான்.

அந்தச் சனிக்கிழமை இருமல் மருந்து வாங்கிவர அம்மா என்னைப் பெரிய காஞ்சிபுரத்து மருந்துக்கடைக்கு அனுப்பினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் பவுடர் டப்பாக்களுக்குப் பக்கத்தில் நகப் பாலிஷ் பாட்டில்கள். சிவப்புகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் சோகை பிடித்தாற்போல் நின்றது. “அது ஒடம்பு கலரும்மா, போட்டா போட்டதே தெரியாது” என்றார் கடைக்காரர். என் காதில் தேன் பாய்ந்தது. பொங்கலுக்கு மாமா கொடுத்த காசு அங்கேயே தீர்ந்தது.

ஞாயிறு மத்தியானம் கிணற்றடியில் உட்கார்ந்து பூசினேன். முதல் பூச்சுக்குக் கத்தரிப்பூக் கறை அப்படியே தெரிந்தது. சாயக்காரர் வீட்டுப் பெண் அல்லவா! நூலில் நிறம் போதவில்லை என்றால் நைனா ‘இன்னொரு முக்கு’ முக்குவார். முக்க முக்க நிறம் ஏறும். அதே கணக்கில், பூசப் பூச நிறம் ஏறி என் கையின் நிறத்துக்கு வந்துவிடும் என்று நம்பி மேலே மேலே பூசினேன். அதுவோ பூசப் பூச வெளுத்துக்கொண்டே போய், கடைசியில் என் கறுத்த விரல் நுனிகளில் சுண்ணாம்பை அப்பியதுபோல் நின்றது.

“ஆசை இருக்குது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்குது கழுத மேய்க்க” என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள். நைனாதான் பாட்டிலை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“இன்னா கலர்னு சொன்னாரு?”

“ஒடம்பு கலரு நைனா.”

என் கையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். “எவன் ஒடம்பு கலரும்மா இது?” என்றார்.

எனக்கு அழுகை வந்தது, அவருக்கு ரோஷம் வந்தது. மாதிரிக்கு ஒரு துண்டு நூலைக் காட்டினால் எந்த நிறத்தையும் கொண்டுவந்து நிறுத்துகிற மனுஷர், காப்பிக்கொட்டை நிறச் சாயப்பொடியில் ஒரு சிட்டிகை எடுத்துப் பாட்டிலுக்குள் போட்டுக் குலுக்கினார். கரையவில்லை, மிளகுத்தூள்போல் மிதந்தது. “பட்டுன்னா ஏத்திப்புடுவேன். இது ஏற மாட்டேங்குதேம்மா” என்று சொல்லிக்கொண்டே, ஏறாது என்று தெரிந்த பிறகும் குலுக்கிக்கொண்டிருந்தார்.

பூசியது மண்ணெண்ணெய்க்கும் அசையவில்லை. பிளேடால் சுரண்டிக்கொண்டு, காரை உதிர்ந்த சுவர்போன்ற நகங்களோடு மறுநாள் போய் நின்றேன். டீச்சர் திட்டக்கூட இல்லை; தட்டை என் கையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தார். எங்களுக்குச் சாயம் போட நூல் தரும் பட்டுக்கடைக்காரரின் மகள் அவள். கத்தரிப்பூ நிறப் பட்டுப் பாவாடை கட்டியிருந்தாள்; நைனா சாயம் ஏற்றி நான் பிழிந்த நூல். துணியில் அழகாக இருந்த அதே நிறம் என் நகத்தில் மட்டும் எப்படி அழுக்காயிற்று என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த சில மாதங்களில், நகம் வளர வளர, வெட்ட வெட்ட, கறை தானாகவே போய்விட்டது. அந்த மருந்துக்கடையும் இப்போது இல்லை. போன மாதம் என் மகள் ஒரு பாட்டில் வாங்கிவந்து என் விரலில் பூசிவிட்டாள். உடம்பு கலரிலேயே இப்போது எத்தனையோ தினுசு வருகிறதாம். ஒரே பூச்சுதான், என் கையின் நிறத்தோடு அப்படியே அடங்கிவிட்டது, போட்டதே தெரியவில்லை. “எப்டிம்மா, கரெக்டா இருக்குதா?” என்று அவள் சிரித்தாள். எனக்கோ ஆத்திரமாக வந்தது. அடியில் மறைக்க ஒரு பொட்டுக் கறைகூட இல்லாத காலத்தில் வந்து நிற்கிறதே! பாட்டிலை எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நம்ம ஒடம்பு கலருதான் நைனா என்று சொல்லிக் காட்ட, அவரும் இல்லை.