நாயக் என்று படிக்கவும்

நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒற்றைத் தாள் அது. பதினொரு பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு பதவி, எல்லாம் சுபேதார் ஐயாவின் குண்டு குண்டான எழுத்தில். ஜனவரி இருபத்தாறு காலை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய பனி இன்னும் கடைத்தெருவை விட்டுப் போகவில்லை. மைக்கை விரலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, அந்தத் தாளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊரில் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் ஒன்றாகச் சேர்ந்து நடந்த முதல் ஊர்வலம் அன்றைக்குத்தான். அதைக் கெடுத்தவனும் நான்தான்.

சங்கராபுரத்திலிருந்து மலையடிவாரத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். மைக்செட் வாடகைக்கு விடுவது என் தொழில். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, பேச்சு மட்டும் நிற்கவில்லை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், மாரியம்மன் திருவிழா என்று எங்கே ஒலிபெருக்கிக் குழாய் கட்டினாலும் அறிவிப்பும் நானே செய்துவிடுவேன். அதனால் ஊரில் யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர், சிறியவர் எல்லாருக்கும் நான் ‘மைக்கு’.

வங்கதேசச் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் ஊரிலும் பக்கத்து மலைக் கிராமங்களிலும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் பதினொரு பேர் இருந்தார்கள். அவர்களை ஊர் ‘மில்ட்ரி’ என்று சொல்லும். அவர்கள் வீட்டுக் கதவை யாராவது தட்டினால், பட்டாளத்து கேன்டீனில் வாங்கி வந்த ரம் பாட்டில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்கத்தான் தட்டுவார்கள். அவர்களில் பெரிய பதவியில் இருந்தவர் சுபேதார் ஐயா; இது அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. “ஊர்ல நம்மள பாட்டிலாத்தான் பாக்கறானுங்க மைக்கு. வருசத்துக்கு ஒரு நாளாவது ஆளா பாக்கட்டும்” என்று சொல்லித்தான் அந்த ஊர்வலத்தை ஆரம்பித்தார். பெட்டியில் கிடந்த சட்டைகளை எடுத்து, பொத்தான் தைத்து, பதக்கங்களைப் புளி போட்டுத் தேய்த்து, பதினொரு பேரும் ஒரு மாதம் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்து பழகினார்கள்.

அந்த வரிசையில் வலது ஓரத்து முதல் ஆள் காலனியைச் சேர்ந்தவர். நெட்டையான மனிதர், அதிகம் பேசமாட்டார். வலது ஓரத்து ஆளை வைத்துத்தான் மற்ற எல்லாரும் அடி எடுத்து வைக்க வேண்டும். அவர் கால் தப்பினால் வரிசையே தப்பிவிடும். பதினேழு வருஷம் பனியிலும் மணலிலும் இருந்துவிட்டு வந்தவர் கால் எங்கே தப்பப் போகிறது? தப்பியது என் வாய்தான்.

தாளில் அவர் பெயருக்கு முன்னால் ‘நாயக்’ என்று எழுதியிருந்தது. எங்கள் பக்கத்தில் நாயக்கர் என்பது ஒரு சாதியார் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிற பட்டம். பட்டாளத்தில் நாயக் என்று ஒரு பதவி உண்டு என்பது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. சுபேதார் ஐயா அவசரத்தில் கடைசி இரண்டு எழுத்தை விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, மரியாதைக் குறைவு வந்துவிடக் கூடாதே என்று நானே சேர்த்துக்கொண்டேன். அவர் பெயரைச் சொல்லி, “நாயக்கர் அவர்கள்” என்று நாலு குழாயிலும் முழங்கினேன்.

சிரிப்பு கடைத்தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. “காலனியில எப்போ நாயக்கர் குடி வந்தாரு?” என்று ஒரு குரல். “மில்ட்ரில சோறு போட்டு சாதியும் மாத்தி வுட்டானுங்க போல” என்று இன்னொரு குரல். அவர் நிற்கவில்லை, திரும்பவில்லை. வரிசையில் போகிறவன் நடுவில் விலகக் கூடாது என்பது அவர் உடம்பில் ஏறிப்போன சட்டம். பள்ளிக்கூடம் வரைக்கும் அடி தப்பாமல் நடந்தார். கலையச் சொன்னதும் நேராக வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். அதற்குள் நாலு பேர் எனக்கு நாயக் என்றால் என்ன என்று பாடம் எடுத்திருந்தார்கள். அவர் உள்ளே போய்ச் சட்டையை எடுத்து வந்து, கைப்பக்கத்தை என் முன்னால் விரித்துக் காட்டினார். அதில் இரண்டு பட்டை தைத்திருந்தது.

“முதல் பட்ட வாங்க ஆறு வருசம். ரெண்டாவதுக்கு அப்புறம் நாலு வருசம். மைக்கு, நீ என்னத் திட்டி இருந்தாக்கூட கேட்டுக்கினு போயிருப்பேன். நான் ஓடி ஓடி சம்பாரிச்சத புடுங்கிக்கினு, எவனோ பொறக்கசொல்ல வாங்கியாந்தத எனக்குக் குடுத்துட்டியே. நான் இன்னாத்துக்கு அத வச்சிக்கணும்?”

“தெரியாம சொல்லிட்டேன்ணா. மன்னிச்சிடுங்க” என்றேன்.

“தப்ப ஊருக்கே கேக்கற மாதிரி சொன்ன. மன்னிப்ப வூட்டுக்குள்ள வந்து சொல்ற.”

அவர் மனைவி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவர், திரும்பாமலே சொன்னார்: “ஊருக்கே எங்க கேட்டுது? நாலு கொழாய் கட்டினியே, ஒரு கொழாயாவது எங்க தெருப் பக்கம் திருப்புனியா? இவுரு நடக்கறாருன்னு நாங்க கடைத்தெரு மூலையில போய் நின்னோம். முன்னாடி ஜனம் ஜாஸ்தி. பூட்ஸ் சத்தம் கேட்டுது, அவ்ளோதான்.”

குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் எவ்வளவு தூரம் கேட்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். அந்தத் தெருவை மட்டும் நான் ஒரு நாளும் கணக்கில் சேர்த்ததில்லை. கிளம்பும்போது அவர் வாசல் வரை வந்தார். “எங்க தெருவுக்கு வராத ஊர்வலத்துல இனிமே நான் நடக்க மாட்டேன். வலது ஓரத்துக்கு வேற ஆள பாத்துக்கச் சொல்லு சாப்கிட்ட” என்றார். பட்டாளத்தில் சுபேதாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சுபேதார் ஐயாவிடம் வந்து அப்படியே ஒப்பித்தேன். என்மேல் எரிந்து விழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். “நீ படிச்சது எனக்கும் கேட்டுது மைக்கு. அங்கியே நிறுத்தி, தப்புன்னு சொல்லி இருக்கணும். ஜனம் சிரிச்சிது, காதுல வுழாத மாதிரி நடந்துட்டேன். பட்டாளத்துல இருந்த வரைக்கும் எதுக்கும் பயந்ததில்ல. ஊருக்கு வந்து பயந்துட்டேன்.” பெரிய பதவியில் இருந்த ஒருவர் தன் பயத்தை அப்படி வெளிப்படையாகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த ஊர்வலத்துக்கு முன்னால் ஊர்க் கூட்டத்தில் அவரே எழுந்து, இந்த வருஷம் காலனி வழியாகப் போகப்போகிறோம் என்றார். ஊர்ப் பெரியவர் ஒருவர் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, “தேர் வர்ற தெருவே போதும்ங்க. இல்லாத புது வழக்கம்லாம் இன்னாத்துக்கு?” என்றார்.

“ஊர்வலமே புது வழக்கந்தாங்க. பொறந்து ஒரு வருசங்கூட ஆவல. அதுக்குள்ள அதுக்கு இன்னா பழைய வழக்கம்?” என்றார் சுபேதார் ஐயா.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். துணிக்கடை பாய் அந்தச் சந்தில் புகுந்தார். “தாராளமா போவட்டும்ங்க. போன வருசம் வேடிக்க பாக்க வந்த கூட்டம் என் கடை வாசல்ல நின்னுக்கினு ஒரு ஆள உள்ள வுடல. மத்த தெருவுக்கும் அந்த பாக்கியம் கெடைக்கட்டும்.”

பெரியவர் விடவில்லை. “ஒரு ஆளுக்காக ஊரே வழி மாறணுமா?”

“வலது ஓரத்துல அவரு இல்லன்னா மத்த பத்து பேருக்கும் அடி வராதுங்க” என்றார் சுபேதார் ஐயா. “அந்தத் தெருவுல நடக்கலன்னா இந்தத் தெருவுலயும் நடக்கல. அப்புறம் நீங்க பழையபடி எங்க வூட்டுக் கதவத் தட்டி பாட்டில் கேக்கலாம்.” வழி அப்படியே முடிவானது. முன்பு அப்படிக் கதவைத் தட்டியவர்களில் பாதிப் பேர் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனால் நாயக் வருவதாக வாக்குக் கொடுக்கவில்லை. சுபேதார் ஐயா இரண்டு முறை நேரில் போனார். “வாங்க, பாக்கலாம் சாப்” என்று மட்டும் பதில் வந்தது. ஜனவரி இருபத்தாறு விடிந்ததும் நான் பேட்டரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு காலனிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி இரண்டு குழாய்களைக் கட்டினேன். அந்தத் தெருவில் என் குழாய் ஏறியது அதுதான் முதல் முறை. கீழே பெண்களும் பிள்ளைகளும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் வீட்டுக் கதவு மட்டும் சாத்தியே இருந்தது.

பத்துப் பேர் நடந்து வந்தார்கள். மூன்று வரிசை, வலது ஓரத்து முதல் இடம் மட்டும் காலி. விழுந்த பல்லின் இடத்தில் நாக்கு போவதுபோல எல்லார் கண்ணும் அந்தக் காலி இடத்துக்கே போனது. அவர் வீட்டுக்கு நேரே வந்ததும் சுபேதார் ஐயா “தம்” என்றார். நில் என்பதற்குப் பட்டாளத்து வார்த்தை அது. பூட்ஸ்கள் ஒரே சத்தமாக நின்றன. என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

நான் மைக்கை எடுத்தேன். “போன வருஷம் இதே நாளில், இதே மைக்கில், ஒரு பதவியைச் சாதிப் பேராக மாற்றிப் படித்துவிட்டேன். தப்பு என்னுடையது. திருத்திப் படிக்கிறேன்” என்று சொல்லி, அவர் பெயரைச் சொன்னேன். “இவர் நாயக். இந்திய ராணுவத்தில் பத்து வருஷம் உழைத்து இரண்டு பட்டை வாங்கிய நாயக்.”

கதவு திறந்தது. சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை, பூட்ஸில் முகம் பார்க்கலாம். விடியற்காலையிலேயே உடுத்திக்கொண்டு உள்ளே காத்திருந்திருக்கிறார். நேராக என்னிடம் வந்து, “கடைத்தெருவுலயும் இதே மாதிரி சொல்லுவியா?” என்றார்.

“சொல்றேன்ணா.”

போய்க் காலி இடத்தில் நின்றார். வரிசை புறப்பட்டது, காலனி முழுவதும் அதன் பின்னால் புறப்பட்டது. நான் சைக்கிளை மிதித்துக் குறுக்கு வழியில் கடைத்தெருவுக்குப் போய், இன்னொரு மைக்கில் அதையே ஒரு வார்த்தை குறையாமல் சொன்னேன். யாரோ லேசாகச் சிரிக்க ஆரம்பித்தார்கள். பாய் கடைப் படியில் நின்றபடி, “சிரிக்கறவங்க கொஞ்சம் முன்னாடி வாங்க. நீங்க எந்த வேலைக்கு எத்தன பட்ட வாங்கினீங்கன்னு மைக்கு படிப்பாரு” என்றார். சிரிப்பு அங்கேயே அடங்கியது. கரும்பு ஏற்றி வந்த லாரி ஒன்று ஓரம் கட்டி வழி விட்டது. அதன் டிரைவர் இறங்கி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

பள்ளிக்கூட மைதானத்தில் கலையப் போகிற நேரத்தில் நாயக்கின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றார். “உன் பின்னாடியே நடந்து வந்தேன். வழி பூரா உன் முதுகத்தான் பாத்தேன். போன வருசம் சத்தம், இந்த வருசம் முதுகு. மூஞ்சிய எப்பதான் பாக்கறது?”

எல்லாரும் சிரித்தோம். நாயக் சிரிக்கவில்லை. சுபேதார் ஐயாவிடம் போய் விறைப்பாக நின்று, “சாப், இன்னொரு சுத்து போலாமா?” என்று கேட்டார். ஐம்பதைத் தாண்டிய கால்கள் பல அந்த வரிசையில் இருந்தன. ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

பெண்கள் எங்களுக்கு முன்னால் கடைத்தெருவுக்கு ஓடினார்கள். பாய் தன் கடை வாசலில் நின்றவர்களை ஒதுக்கி, காலனிப் பெண்களை முன்வரிசையில் நிறுத்தினார். வலது பக்கத்தில், எல்லாருக்கும் முன்னால், நாயக்கின் மனைவி. வரிசை அந்த இடத்துக்கு வந்ததும் சுபேதார் ஐயா யாரும் எதிர்பார்க்காத ஒரு கட்டளை கொடுத்தார். “தாஹினே தேக்.” பெரிய அதிகாரியைக் கடக்கும்போது வலது பக்கம் முகம் திருப்பி மரியாதை செய்யச் சொல்கிற கட்டளை அது. கலெக்டருக்குச் செய்யாத மரியாதையை அந்தப் பதினொரு பேர் முழங்கையில் அடுப்புக்கரி ஒட்டியிருந்த ஒரு பெண்ணுக்குச் செய்தார்கள்.

இதில் ஒரு சட்டம் உண்டு. எல்லாரும் முகம் திருப்பும்போது வலது ஓரத்து ஆள் மட்டும் திருப்பக் கூடாது. நேராகப் பார்த்து நடந்தால்தான் வரிசை கோணாது. பதினேழு வருஷத்தில் ஒரு தடவைகூட அதில் பிசகாத நாயக் அன்றைக்கு முகத்தைத் திருப்பினார். முழுசாகத் திருப்பி, அந்த அம்மா முகத்தைப் பார்த்தார். அந்த அம்மாவும் கண் கொட்டாமல் பார்த்தார். வரிசை கொஞ்சம் கோணியது. “சட்டத்த மறந்துட்டியா?” என்று சுபேதார் ஐயா பிறகு கேட்டாராம். “மறக்கல சாப்” என்றாராம் அவர்.

சுபேதார் ஐயாவும் நாயக்கும் இன்றைக்கு இல்லை. ஊர்வலம் இருக்கிறது. இப்போது காலனியிலிருந்துதான் புறப்படுகிறது. என் தாளில் பெயர்கள் மூன்று பக்கம் ஓடுகின்றன; பதவிகளை இப்போது நான் கண்ணை மூடிக்கொண்டு சரியாகச் சொல்லுவேன். இரண்டு சுற்று நடப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டாவது சுற்றில் கடைத்தெருவின் அந்த இடத்தில் பட்டாளத்துக்காரர்களின் வீட்டுப் பெண்கள் நிற்பார்கள். எந்தத் தெரு, எந்த வீடு என்று யாரும் பார்ப்பதில்லை. சீக்கிரம் வந்தவர் முன்னால் நிற்கலாம். போன வருஷம் வெளியூரிலிருந்து வந்திருந்த ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் என் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “வலது ஓரத்து ஆளும் முகத்தைத் திருப்புகிறாரே, அது தப்பாயிற்றே?” என்றார்.

“தப்புதாங்க சார்” என்றேன். “வருசா வருசம் பண்ணுவோம்.”