சம்பந்திக்கு ஓர் உதை

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, என் சம்பந்தியின் வயிற்றில் ஓர் உதை விட்டேன்.

ஆமாம். பெண்ணைக் கொடுத்த வீட்டுச் சம்பந்திதான். வலது காலால்.

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். கொசுவை அடிக்கக்கூட ஒரு தடவை யோசிக்கிற ஆள் நான். அப்படி என்ன கோபம்? ஒரு கோபமும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே கராத்தே கிளாஸில் படிக்கிறோம். எனக்கு நாற்பத்தொன்பது. அவருக்கு ஐம்பத்திரண்டு.

சிரித்து முடித்துவிட்டீர்களா? முதலிலிருந்து சொல்கிறேன்.

பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகக் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். காலையில் மேஜை மேல் குனிந்தால் பொழுது சாய்ந்துதான் நிமிர்வேன். போன வருஷம் ஒரு நாள், துணியில் மார்க் போடுகிற சாக்பீஸ் கீழே விழுந்தது. கால் விரலுக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. எடுக்கக் குனிந்தால், கை முழங்காலோடு நின்றுவிட்டது! கடைசியில் மண்டி போட்டுத்தான் எடுத்தேன். எழுந்திருக்க மேஜையைப் பிடித்தேன்.

டாக்டரிடம் போனேன். "உடம்பை வளைங்க" என்றார். எப்படி வளைப்பது என்பதை மாத்திரைச் சீட்டில் எழுதவில்லை.

நான் காலை டீ குடிக்கிற நாச்சிமுத்து கடைக்கு எதிரே ஒரு ஸ்கூல் கிரவுண்ட். கோயமுத்தூரிலிருந்து சேகர் என்று ஒருவர் வந்து, விடியற்காலையில் பையன்களுக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வயது இருபத்தாறு. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நேரே போய்க் கேட்டேன், என்னையும் சேர்த்துக்கொள்வீர்களா என்று.

"வாங்ணா. பெல்ட்டுக்கு வர்றீங்களா, இடுப்பு வலிக்கு வர்றீங்களா?"

"இடுப்புக்குத்தான் தம்பி."

"அப்ப நல்லதுங்ணா. பெல்ட்டுக்கு வர்றவங்க ரெண்டு மாசத்துல நின்னுருவாங்க. இடுப்பு வலி அப்படியெல்லாம் நிக்க உடாது."

முதல் நாள் கால்களை அகட்டி நிற்கச் சொன்னார். பையன்கள் கால் என் கத்தரி மாதிரி விரிகிறது. என் கால் துருப்பிடித்த கத்தரி. எனக்கு ரோஷம் வந்து இழுத்துப் பார்த்தேன். தொடையில் சுளீர் என்றது. நான்கு நாள் விந்தி விந்தி நடந்தேன்.

அப்புறம் மேஜை முன்னால் நிற்கும்போதுதான் உறைத்தது. ரோலிலிருந்து பிரித்த பனியன் துணியை நான் என்றைக்காவது உடனே வெட்டியிருக்கிறேனா? விரித்துப் போட்டு, அது பாட்டுக்குத் தளரட்டும் என்று ஒரு நாள் விட்டுவிடுவேன். இழுத்துப் பிடித்து வெட்டினால் முதல் துவைப்பிலேயே சுருங்கிவிடும். துணிக்குக் கொடுக்கிற பொறுமையை என் தொடைக்கு ஏன் கொடுக்கவில்லை?

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கால் மணி நேரம். மடித்து டஜன் டஜனாகக் கட்டி வைத்த பனியன் கட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, அதன் உச்சியில் குதிகாலை வைத்து நிற்பேன். இழுக்க மாட்டேன், எம்ப மாட்டேன். மூச்சை விட்டுக்கொண்டே சும்மா நிற்பேன். முதல் மாதம் மூன்று டஜன் உயரம். பொங்கலுக்கு ஆறு. தைத்த பனியனில் பழுது பார்க்கிற செக்கிங் பெண்கள் என் கால் உயரத்தைத்தான் முதலில் விசாரிப்பார்கள். "ஏனுங் மாஸ்டர், இன்னைக்கு எத்தன டஜனுங்க?" சித்திரையில் ஒன்பது டஜன். என் இடுப்பு உயரம்!

இவ்வளவோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. என் மகள் மல்லிகா, புகுந்த வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், "எங்கப்பா கராத்தே போறாங்க" என்று.

சம்பந்தி சென்னியப்பன் வீட்டோடு எட்டு மிஷின் போட்டு பனியன் தைக்கிறவர். எதிலும் பின்வாங்காத மனுஷர். "சம்பந்தியே போறப்ப நா போனா ஆகாதா?" என்று அடுத்த திங்கட்கிழமை வந்து நின்றார். புது வெள்ளை உடுப்பு, சொந்தத் தயாரிப்பு. தைத்திருந்தது எதில் என்கிறீர்கள்? பனியன் துணியில்! ஒரு பையன் பிடித்து இழுக்க, சட்டைக் கை ஒரு முழம் நீண்டு விரலைத் தாண்டித் தொங்கியது. "சம்பந்தி, இது குளிருக்கும் ஆகுமுங்க" என்று அவரே சிரித்துக்கொண்டார். மறுவாரம் காடாத் துணியில் தைத்து வந்தார்.

சேகர் மாஸ்டர் எங்கள் வயதைப் பார்த்து இருவரையும் ஜோடி சேர்த்தார். ஒருவரோடு ஒருவர் மோதிப் பார்க்கிற பயிற்சி. பலமாக அடிக்கக் கூடாது, தொட்டால் ஒரு பாயிண்ட்.

எப்படித் தொடுவது? நீங்களே சொல்லுங்கள்.

கல்யாணம் முடிந்து ஒன்றரை வருஷம். இந்த ஒன்றரை வருஷத்தில் அவர் சொன்ன எதற்கும் நான் 'இல்லை' என்று சொன்னது கிடையாது. அவர் மழை வரும் என்றால் நான் குடையை எடுப்பேன். விசேஷ வீட்டில் அவர் இலையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு இலை. பெண்ணைப் பெற்றவன் உடம்பே அப்படி வளைந்துவிடுகிறது. அந்த வளைவுக்கு மட்டும் எந்த மாஸ்டரும் தேவையில்லை.

ஆகவே நான் கையை ஓங்குவேன், பாதியில் நிறுத்துவேன். "வரட்டுங்களா சம்பந்தி?" என்பேன். மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். "ஏனுங்ணா, அடிக்கறதுக்கு யாராச்சும் பெர்மிஷன் கேப்பாங்களா?" அதற்குள் சம்பந்தியின் கை என் மார்பில் 'பொத்'தென்று விழும். ஒரு பாயிண்ட்.

இப்படியே ஆறு மாதம். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பாயிண்ட் எடுத்ததும் இரண்டு கையையும் தொங்கவிட்டு, யார் யார் பார்த்தார்கள் என்று சுற்றிலும் பார்ப்பார். அந்த நேரத்தில் என் ஒன்பது டஜன் காலைத் தூக்கினால் வயிறு திறந்த கதவு. தெரியும். தெரிந்தும் தூக்கவில்லை.

நாச்சிமுத்து டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார், "பொண்ணையுங் குடுத்துப்போட்டு அடியுமா வாங்கறீங்க?"

அதையும் சிரித்துக்கொண்டே விழுங்கினேன். ஆனால் போன மாதம் மல்லிகா வீட்டுக்கு வந்தாள். வந்தவள் சாப்பிட உட்காரவில்லை.

"அப்பா, நீங்க வேணும்னே தோக்கறீங்கதானே?"

"ஏன் கண்ணு?"

"தெனமும் காலைல மாமா கிளாஸ் முடிச்சு வந்து இட்லிக்கு உக்காருவாங்க. 'உங்கப்பா இன்னைக்கும் மூணு வாங்குனாரு, நாளைக்காச்சும் பால் குடிச்சுட்டு வரச் சொல்லு'ம்பாங்க. தைக்கற பொம்பளைக அத்தன பேரும் சிரிப்பாங்க. நா தலையக் குனிஞ்சுக்கிட்டு சட்னி ஊத்துவேன். மாமா கெட்டவங்க இல்லீங்கப்பா. வெளையாட்டுக்குத்தான் சொல்றாங்க. ஆனா ஆறு மாசமா தெனமும் ஊத்தறேன்."

"நான் அடிச்சா, அங்கே உனக்கு ஏதாவது ஆகிப்போகும்னுதான் கண்ணு..."

"இப்ப மட்டும் என்ன ஆகலீங்களா?"

என் மனைவி சமையலறையிலிருந்து சத்தம் போட்டாள். "நல்லா இருக்குது! பொண்ணக் குடுத்த எடத்துல போயி கையத் தூக்கறதா?"

எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. அடித்தால் அவளுக்கு ஆபத்து. அடிக்காவிட்டால் அவளுக்கு அவமானம். இரண்டுக்கும் நடுவில் நான் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்... கீழேயும் வைக்க முடியாமல், வீசவும் முடியாமல்.

மூன்று வாரம் முன்பு மஞ்சள் பெல்ட் டெஸ்ட் வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லோர் வீட்டுக் குடும்பமும் கிரவுண்டுக்கு வந்திருந்தது. சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் வேப்பமரத்தடியில். பக்கத்தில் மல்லிகா. என் மனைவி வர மறுத்துவிட்டாள்.

எங்கள் முறை வந்தது. வணக்கம் சொன்னோம். சம்பந்தி முதல் பாயிண்ட் எடுத்தார். இரண்டாவதும் எடுத்தார். எடுத்துவிட்டு கைகளைத் தொங்கவிட்டு, வேப்பமரத்துப் பக்கம் பார்த்துச் சிரித்தார். "என்ன மல்லிகா, உங்கப்பாவுக்குப் பால் குடுத்து அனுப்பலையா?"

அங்கே எல்லோரும் சிரித்தார்கள். மல்லிகா தலையைக் குனிந்தாள்.

"ஆரம்பிங்க!" என்றார் மாஸ்டர். சம்பந்தி இன்னும் திரும்பவில்லை. என் கால் தானாக எழுந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். நான்தான் தூக்கினேன். குதிகால் அவர் வயிற்றில் பட்டதும் நிறுத்தினேன். 'தப்' என்று ஒரு சத்தம். அவர் மூன்று அடி பின்னால் போய் நின்றார்.

"பாயிண்ட்!" மாஸ்டர் குதித்தே விட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு ஓடினேன். "பட்டுருச்சுங்களா சம்பந்தி? தண்ணி கொண்டாரட்டுங்களா?"

"ஏனுங்ணா, தள்ளி நில்லுங்க! இன்னும் முடியல!" என்று மாஸ்டர் என் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார்.

சம்பந்தி என்னைப் பார்த்தார். வயிற்றைத் தடவவில்லை. ஆட்டத்தை முடித்தார், வணங்கினார், டீகூடக் குடிக்காமல் ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டார். மல்லிகா மாமியாரோடும் மாப்பிள்ளையோடும் பின்னால் போனாள். என் பக்கம் திரும்பவில்லை.

எனக்கு மஞ்சள் பெல்ட் கொடுத்தார்கள். கட்டிக்கொள்ள மனசே வரவில்லை. அவருக்கும் பெல்ட் பாஸ்தான். வாங்கத்தான் ஆளில்லை.

திங்கள் கிளாஸுக்கு அவர் வரவில்லை. செவ்வாயும் இல்லை. வீட்டில் மனைவி என்னோடு பேசவில்லை. பேசினது ஒரே ஒரு வாக்கியம். "வெள்ளிக்கெழம தட்டுல பழம் வெச்சு எடுத்துட்டு, ரெண்டு பேரும் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வரோணும்."

புதன்கிழமை மதியம் கட்டிங் ரூம் வாசலில் சம்பந்தியே வந்து நின்றார். கையில் ஒன்றுமில்லை. முகத்திலும் ஒன்றுமில்லை. "ஒரு நிமிஷம் வர்றீங்களா?" என்று துணி ரோல்களுக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"ஞாயித்துக்கெழமை ஊட்டுக்குப் போனதும் மருமகளக் கேட்டனுங்க. உங்கப்பா இத்தன நாளா எனக்கு உட்டுக் குடுத்துட்டு இருந்தாரான்னு."

"மல்லிகா என்ன சொல்லுச்சுங்க?"

"'ஆமாங்க மாமா'ன்னு சொல்லுது. எம்மொகத்தப் பாத்துச் சொல்லுதுங்க!"

நான் ரோலைப் பிடித்துக்கொண்டேன்.

"டீக்கடைல சொன்னேன். பேங்க்ல சொன்னேன். பொங்கலூர்ல ஒரு சீருக்குப் போயி பந்தில உக்காந்துட்டுச் சொன்னனுங்க, சம்பந்திய நாந்தான் தெனமும் சாத்தறேன்னு. இப்ப அத்தன பேர் மொகத்துலயும் எப்படிங்க முழிக்கறது?"

"மரியாதைக்குத்தானுங்க சம்பந்தி..."

"என்ன மரியாதைங்க? நாளைக்குப் பேரன் பொறந்தா அவங்கூட வெளையாண்டு தோத்துப் போங்க. வேண்டாங்கல. எங்கிட்ட எதுக்குங்க?"

உண்மைதானே? விட்டுக்கொடுக்கிறோம், விட்டுக்கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, வளர்ந்த மனிதர்கள் எத்தனை பேரை நாம் குழந்தையாக்கி வைத்திருக்கிறோம்? உறவில், ஆபீஸில், பந்தியில்... அவர்கள் நம்மைக் கேலி செய்கிறார்கள் என்று வருத்தம் வேறு! கேலி செய்ய இடம் கொடுத்ததே நாம்தான். அந்தக் கேலியை வாங்கிக்கொண்டது நான்கூட இல்லை. சட்னி ஊற்றின என் மகள்.

சம்பந்தி துணி ரோலைத் தடவினார். பிறகு சொன்னார்.

"எனக்கு நெம்ப அவமானம்தானுங்க. ஆனா மருமக பூசி மொழுகல பாருங்க, அது எனக்குப் புடிச்சுது. தைக்கற பொம்பளைக முன்னாலயே சொல்லிப்போட்டேன், இந்த ஊட்டுல நெசம் பேசற ஆளு அது ஒண்ணுதான்னு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைப் பார்க்காதது போல மேஜைப் பக்கம் திரும்பினார். "அது கெடக்கட்டும். அந்தக் காலு எப்படிங்க அத்தன ஒசரம் வந்துச்சு? எனக்குத் தொடையே தூக்கமாட்டேங்குது."

பனியன் கட்டுகளைக் காட்டினேன். அங்கேயே வேட்டியை மடித்துக் கட்டினார். அவருக்கு இரண்டு டஜன்தான் ஏறியது. நான் பக்கத்தில் என் ஒன்பது டஜனில் காலை வைத்தேன். இரண்டு சம்பந்திகளும் ஒற்றைக் காலில் நிற்க, செக்கிங் பெண்கள் கதவோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். "இழுக்காதீங்க, மூச்ச உடுங்க" என்றேன். ஒன்றரை வருஷத்தில் நான் அவருக்குச் சொன்ன முதல் உத்தரவு. கேட்டார்!

வியாழக்கிழமை கிளாஸுக்கு வந்தார். இப்போது கையைத் தொங்கவிடுவதில்லை. நானும் பெர்மிஷன் கேட்பதில்லை. போன சனிக்கிழமை அவர் விட்ட குத்தில் என் விலா இரண்டு நாள் முனகியது. நான் விட்டதற்கு அவர் தொடை. சந்தோஷமாக இருக்கிறது.

நேற்று மல்லிகா வந்திருந்தாள். வந்ததும் சாப்பிட உட்கார்ந்தாள். மெதுவாகக் கேட்டேன், மாமா இப்போதெல்லாம் காலையில் இட்லி சாப்பிடும்போது என்ன பேசுகிறார் என்று.

"ஒண்ணும் பேசறதில்லீங்கப்பா. தைலம் எங்கன்னு மட்டும் கேக்கறாங்க."

அது என்ன தைலம் என்று விசாரித்து, நானும் ஒரு பாட்டில் வாங்கி வைத்துவிட்டேன்.