ஒரே ஆளுக்கு இரண்டு வட்டம்

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் உயிரியலுக்கு முன்னால் சில நாள் இடைவெளி கிடைத்தது. கடையநல்லூரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து படிப்பதென்பது நடக்காத காரியம். துபாயிலிருந்து அத்தா போனில் வந்தால் பாதித் தெரு எங்கள் கூடத்துக்கு வந்துவிடும். அதனால் காலையிலேயே பஸ் ஏறி, தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் என் தோழி வீட்டுக்குப் போய்விடுவேன். அருவியெல்லாம் வற்றிக் குற்றாலத்தில் பாறை தெரிகிற மாதம். மாடி அறையில் மின்விசிறி வெக்கையைத்தான் கிளறிவிட்டது.

அவளுக்குப் படம் பெரிதாக இருந்தால்தான் மண்டையில் ஏறும். தாளில் வரைய மாட்டாள். சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வரைவாள், மனப்பாடம் ஆனதும் ஈரத்துணியால் துடைப்பாள். பிளாஸ்மிட், அதை வெட்டுகிற நொதி, ஒட்டுகிற நொதி என்று உயிரித் தொழில்நுட்பவியல் முழுவதும் இரண்டு நாளாக அந்தத் தரையில் வந்து வந்து போயிற்று. நான் கட்டிலில் படுத்துக்கொண்டு குறை சொல்வேன். வேலையைப் பிரித்துக்கொண்டோம் என்றுதான் நான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் மரபியல். குடும்பத்தில் ஒரு குறை எப்படித் தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது என்று காட்டும் கால்வழிப் படம் ஒன்று உண்டு. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், குறை உள்ளவருக்கு உள்ளே நிறம் தீட்ட வேண்டும். புத்தகத்தில் இருந்தது எவரோ ஒரு குடும்பம், மனதில் நிற்கவில்லை. உன் வீட்டையே போடு என்றேன். போட்டாள். அப்பாவைப் பெற்றவர்கள் இந்தப் பக்கம், அம்மாவைப் பெற்றவர்கள் அந்தப் பக்கம், அவர்களுக்கும் மேலே ஒரு வரிசை. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். ஒரே ஆளை இரண்டு இடத்தில் வரைந்திருந்தாள். அவள் அம்மா கட்டியது சொந்தத் தாய்மாமனை. அப்பாவின் தாயும், அம்மாவுடைய தாயின் தாயும் ஒருவர்தான்.

எங்கள் வீட்டிலும் மாமா மகள், அத்தை மகன் என்று சுற்றிச் சுற்றி வருகிற கதைதான். ஆனாலும் இவ்வளவு கிட்டத்தில் இல்லை. துடைத்துவிட்டு மறுபடி வரைந்தோம். மேலே ஒரே ஒரு ஜோடி. அவர்களுக்கு ஒரு மகள், ஒரு மகன். மகளுடைய மகள் கீழ்வரிசையில் இருந்து மேல்வரிசை மாமனோடு சாய்வாக ஓடிய, சொந்தத்தில் கல்யாணம் என்று காட்டுகிற இரட்டைக் கோட்டில் சேர்ந்தாள். அதற்கும் கீழே என் தோழி, அவளுக்கு அடுத்து அவள் தங்கை. தங்கையின் வட்டத்துக்கு நிறம் தீட்டும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது. தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவள் அங்கேதான் இருந்தாள். இது நானா என்று சைகையில் கேட்டுவிட்டு, தன் வட்டத்துக்கு இரண்டு சடை போட்டுவிட்டுப் போனாள்.

அந்த வீட்டில் ஒரு பழி இருந்தது. தங்கை வயிற்றில் இருந்தபோது, கிரகண நேரத்தில் தூறல் விழுகிறதே என்று அம்மா மொட்டை மாடிக்குத் துணி எடுக்க ஓடினாராம். பிள்ளை இப்படிப் பிறந்தது அதனால்தான் என்று மாமியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மாமியார் என்றால் அம்மாவின் சொந்தப் பாட்டிதான். தூக்கி வளர்த்தவரே சொன்னதால் அம்மா அதை அப்படியே நம்பிவிட்டார். பிள்ளைக்கு என்ன என்று யாராவது கேட்டால், எல்லாம் என்னாலதான் என்று முந்திக்கொண்டு சொல்வார். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக வரும்.

மோர் கொண்டுவந்த அம்மா தரையைப் பார்த்து நின்றுவிட்டார். என்ன இது, கோலமா என்றார். நான்தான் சொன்னேன். இந்த மாதிரிக் குறைக்கான மரபணு ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் தெரியாது. தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என்று இரண்டும் வந்து சேர்ந்தால்தான் வெளியே தெரியும். இது மேலே இருக்கிற இந்த ஜோடியிடமிருந்து இரண்டு பக்கமாக இறங்கியிருக்கும் என்று, பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுவதுபோல் ஒப்பித்தேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ நான் துணி எடுக்கப் போனதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லியா?"

"இல்லம்மா. கிரகணத்துக்கும் காதுக்கும் ஒண்ணும் கிடையாது."

"இவ அப்பா கிட்ட இருந்தும் பாதி வந்திருக்கா?"

ஆமாம் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இதைத் துடைச்சிராதீங்கட்டி, அவுக வரட்டும் என்று சொல்லிவிட்டுக் கீழே போனார். நாங்கள் தாவரவியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் இருந்தோம்.

புளியங்குடி எலுமிச்சை மண்டியில் கமிஷன் கடை வைத்திருந்த அப்பா சாயங்காலம் வந்தார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மாடிக்குக் கூட்டிவந்து, நான் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். அம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அப்பா படத்தை நெடுநேரம் பார்த்தார். நல்ல மனிதர், என் பஸ் வருகிறவரை நிறுத்தத்தில் கூடவே நிற்பார்.

"பிள்ளைய முத முதல்ல காட்டப் போனோம்லா, அன்னைக்கே டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு இதைச் சொல்லிட்டாரு," என்றார். "எங்க அம்மா இருக்கையில எப்படிச் சொல்ல? நாம முடிச்சு வச்ச கல்யாணத்தாலயான்னு அவ ஒடைஞ்சு போயிருப்பா."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. பாட்டி போய்ச் சேந்தும் வருசம் ஆச்சே," என்றார்.

எனக்கு அப்பாமேல் ஆத்திரமாக வந்தது, பாவமாகவும் இருந்தது. அன்றைக்கு நான் தனியாகத்தான் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். மறுநாள் தோழி சொன்னாள்: இரவு அப்பா அடுப்படியில் தட்டைத் தேடி எடுத்துத் தானே சோறு போட்டுக்கொண்டாராம். ரசம் எந்தச் சட்டியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லையாம். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் சொல்லவில்லையாம்.